புதுச்சேரி வெயிலுக்கு ஒரு ஐந்து சிலிண்டர் டர்போ இன்ஜின்: காகிதத்தில் வடிவமைக்கும் வழி

மெக்கானிக்கல் கடைசி வருஷத்தில் டர்போ இன்ஜின் என்று ப்ராஜெக்ட் எடுப்பவர்கள் பெரும்பாலும் நான்கு சிலிண்டரைத்தான் கையில் எடுக்கிறார்கள். புத்தகத்தில் எல்லாக் கணக்கும் அதற்கே போட்டிருக்கிறது, பார்த்து எழுதிவிடலாம். என்னைக் கேட்டால் ஐந்தை எடுங்கள். நான்கு சிலிண்டரில் பாதிச் சிக்கல்கள் கண்ணில் படாமலே போய்விடும். ஐந்தில் அந்த வசதி கிடையாது, கிராங்க் (பிஸ்டன்களின் மேல்கீழ் ஆட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு), மேனிஃபோல்ட் (சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் குழாய்), டர்போ (புகை சுழற்றும் டர்பைனால் கம்ப்ரசரை ஓட்டி உள்ளே கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி), கூலிங் என்று ஒவ்வொன்றுக்கும் நீங்களே காரணம் சொல்லியாக வேண்டும். கற்றுக்கொள்வதற்கு அதைவிட நல்ல இன்ஜின் எனக்குத் தெரிந்து இல்லை.

கீழே 2.2 லிட்டர் பெட்ரோல் டர்போ ஒன்றை முதல் கோட்டிலிருந்து போட்டுக் காட்டுகிறேன். ஐரோப்பாவின் 20 டிகிரிக் காற்றுக்கு இல்லை, மே மாத மத்தியானம் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ஏசி போட்டுக்கொண்டு ஓடும் காருக்கு. ஒரு கால்குலேட்டரும் ஸ்ப்ரெட்ஷீட்டும் இருந்தால் போதும், எண்களை நீங்களும் கூடவே போட்டுப் பாருங்கள், எங்காவது உதைத்தால் அங்கே நின்று யோசியுங்கள்.

144-ல் தொடங்குங்கள்

எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்ற கேள்வியோடு உட்காராதீர்கள். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு முழு வேலைச் சுழற்சி என்பது கிராங்க்கின் இரண்டு சுற்று, 720 டிகிரி, அதை ஐந்தால் வகுத்தால் 144. ஒவ்வொரு 144 டிகிரிக்கும் ஒரு சிலிண்டர் வெடிக்கிறது. இந்த ஒரு எண்தான் கிராங்க் எப்படி முறுக்கியிருக்க வேண்டும், புகை எந்த வரிசையில் டர்பைனை அடிக்கும், சத்தம் எப்படி இருக்கும் என்று எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. முதலில் இன்ஜினை வரைந்துவிட்டு அப்புறம் அதன் பக்கத்தில் ஒரு டர்போவை மாட்டலாம் என்று நினைத்தால் மேனிஃபோல்ட் வரையும்போது மாட்டிக்கொள்வீர்கள். ஐந்து சிலிண்டரில் கிராங்க்கும் டர்போவும் ஒரே முடிவு.

ஒரு பவர் ஸ்ட்ரோக் 180 டிகிரி. நான்கு சிலிண்டரில் ஒன்று முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கும், நடுவில் ஒரு கணம் கிராங்கை யாரும் தள்ளுவதில்லை. ஐந்தில் 36 டிகிரி மேல்விழுகிறது, ஒன்று தள்ளி முடிப்பதற்குள் அடுத்தது பிடித்துக்கொள்கிறது. ஓட்டும்போது தெரிகிற அந்த இழுவையின் மென்மைக்கு இதுதான் காரணம்.

ஏன் ஐந்து என்று கைடு கேட்பார், பதில் வைத்திருங்கள். 1974-ல் மெர்சிடிஸ் தன் 240டி 3.0 காரில் ஐந்து சிலிண்டர் டீசலைக் கொண்டுவந்தது. பெட்ரோலில் வழியைத் திறந்தது ஆடி. அவர்களுடைய அந்தக் காலப் பெரிய கார்களில் இன்ஜின் முன் அச்சுக்கும் முன்னால் நீளவாக்கில் உட்காரும். நான்கு சிலிண்டரின் பலம் பெரிய காருக்குப் போதவில்லை, நேர்வரிசை ஆறு போட்டால் மூக்கு நீண்டு முன்பக்கம் கனத்துப்போகும். அதனால் 1976-ல் ஆடி 100-ல் 2144 சி.சி., 136 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்) ஐந்து சிலிண்டர் வந்தது. 1979-ல் அதே 2144 சி.சி.க்கு டர்போ வைத்து ஆடி 200-ல் 170 பிஎஸ், 1980-ல் இன்டர்கூலரும் (டர்போ சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்) சேர்த்து குவாட்ரோவில் 200 பிஎஸ். வால்வோ 1991-ல் 850 மாடலில் ஐந்தைக் குறுக்குவாக்கில் படுக்க வைத்துக் காட்டியது. 2009-ல் ஆடி டிடி ஆர்எஸ் காரில் 2480 சி.சி., 340 பிஎஸ், அதுவும் குறுக்குவாக்கில்தான். ஆறின் நீளத்துக்கு இடமில்லை, நான்கின் பலம் போதவில்லை என்ற இடத்தில்தான் எப்போதும் ஐந்து வந்திருக்கிறது.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் ஜெர்மனி போக வேண்டாம். 2016-ல் வந்த ஃபோர்டு எண்டவர் 3.2 டீசல் ஐந்து சிலிண்டர் டர்போதான், 3198 சி.சி.; நாம் சென்னைக்குப் போகிற வழியில் இருக்கும் மறைமலை நகரில்தான் அந்த வண்டியைப் பூட்டினார்கள். மஹிந்திரா விற்ற ரெக்ஸ்டன் 2.7-உம் ஐந்துதான். எந்தப் பட்டறையிலாவது இதில் ஒன்று ஹெட் கழற்றிக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டால் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள், முக்கியமாக எக்ஸாஸ்ட் பக்கம்.

அளவுகள்

போர் (சிலிண்டரின் விட்டம்) 80 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் போகும் தூரம்) 88 மி.மீ. எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டர் 442 சி.சி., ஐந்துக்கும் சேர்த்து 2212 சி.சி. 6500 ஆர்பிஎம்-ல் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 19 மீட்டர், தெருவில் ஓடும் காருக்கு இது பயப்படாத எண். போர் மையத்திலிருந்து அடுத்த போர் மையம் வரை 88 மி.மீ. வைத்தால் இரண்டு போருக்கும் நடுவில் 8 மி.மீ. சுவர் கிடைக்கும். ஆடி தன் 2.5 லிட்டரில் இதே 88 இடைவெளியில் 82.5 போர் போட்டிருக்கிறது, நடுச்சுவர் 5.5 மி.மீ.தான், அதற்கு அவர்களிடம் முதலில் வெர்மிகுலர் கிராஃபைட் இரும்பு பிளாக் இருந்தது, பிறகு 2016-ல் பூச்சு ஏற்றிய போர்களோடு அலுமினிய பிளாக் வந்து இன்ஜின் எடை 26 கிலோ குறைந்தது. நமக்கு 8 இருக்கட்டும். ஹெட் கேஸ்கெட் முதலில் எரிவது இந்த நடுச்சுவரில்தான், நம் ஊர் வெயிலில் அங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

கனெக்டிங் ராட் மையத்திலிருந்து மையம் 144 மி.மீ. (மேலே சொன்ன 144-க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தற்செயல்.) கிராங்க்கின் அரை ஸ்ட்ரோக் 44-ஐ 144-ஆல் வகுத்தால் 0.306, இந்த விகிதம் அடுத்த கணக்குக்குத் தேவைப்படும். மெயின் பேரிங் ஆறு. முன்னால் டார்ஷன் டேம்பர் கட்டாயம், நான்கு சிலிண்டர் கிராங்கைவிட இது நீளம், அதனால் முறுக்கதிர்வின் அலைவெண் கீழே இறங்கி நாம் ஓட்டும் வேகத்துக்குள் வந்துவிடும்.

கிராங்க்: இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்

ஐந்து கிராங்க் பின்களும் வட்டத்தில் 72 டிகிரிக்கு ஒன்றாக நிற்கின்றன. மேலும் கீழும் ஆடும் விசைகளைக் கூட்டினால் ப்ரைமரி (கிராங்க் வேகத்தில் ஆடுவது) சைபர், செகண்டரியும் (அதன் இரட்டை வேகத்தில் ஆடுவது) சைபர். நான்கு சிலிண்டரை உதறவைக்கும் செகண்டரி விசை இங்கே இல்லவே இல்லை. ஆனால் விசைகள் சமமாகிவிட்டாலும் அவை வேலை செய்கிற இடங்கள் ஒன்றில்லை, முன்பக்கம் ஒன்று மேலே தள்ளும்போது பின்பக்கம் ஒன்று கீழே இழுக்கும், அதனால் இன்ஜின் சீசா மாதிரி முன்னும் பின்னும் ஆடும். இதைத்தான் கப்பிள் என்கிறோம். அதன் அளவை முடிவு செய்வது எந்தப் பின் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பது, அதாவது ஃபயரிங் ஆர்டர், சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை.

ஸ்ப்ரெட்ஷீட்டில் ஐந்து வரிசை போடுங்கள். முதல் நிரலில் சிலிண்டரின் இடம்: 1-க்கு மைனஸ் 2, 2-க்கு மைனஸ் 1, 3-க்கு 0, 4-க்கு 1, 5-க்கு 2. அடுத்த நிரலில் கிராங்க் கோணம். 1-2-4-5-3 என்ற வரிசைக்கு 1-க்கு 0, 2-க்கு 144, 4-க்கு 288, 5-க்கு 432 அதாவது 72, 3-க்கு 576 அதாவது 216. ஒவ்வொன்றின் இடத்தையும் கோணத்தின் காஸ் மதிப்பால் பெருக்கிக் கூட்டுங்கள், சைன் மதிப்பால் பெருக்கித் தனியாகக் கூட்டுங்கள், இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுங்கள். 0.449 வரும், அது ப்ரைமரி. கோணங்களை இரட்டிப்பாக்கி இதையே செய்தால் 4.98, அது செகண்டரி, அதை 0.306-ஆல் பெருக்க வேண்டும்.

இப்போது வரிசையை 1-5-2-3-4 என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். ப்ரைமரி 4.98 ஆகிவிடும், செகண்டரி 0.449 ஆகிவிடும். இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன. பிஸ்டன், பின், ராடின் மேல்பாதி எல்லாம் சேர்த்து 550 கிராம் என்று வைத்தால், 6000 ஆர்பிஎம்-ல் முதல் வரிசையில் ப்ரைமரி கப்பிள் சுமார் 380 நியூட்டன் மீட்டர், செகண்டரி சுமார் 1,280. இரண்டாவது வரிசையில் செகண்டரி 115-தான், ஆனால் ப்ரைமரி 4,190. அந்த இன்ஜினை எந்த மவுண்டும் தாங்காது. உலகத்தில் ஏறக்குறைய எல்லா ஐந்து சிலிண்டரும் ஏன் 1-2-4-5-3 என்று வெடிக்கிறது என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, இந்த ஒரு பக்கக் கணக்கே சொல்லிவிடும். ரிப்போர்ட்டில் இந்த ஒப்பீட்டை அவசியம் போடுங்கள்.

மிச்சம் இருக்கும் ப்ரைமரியைக் கிராங்க்கின் எதிர் எடையில் ஓரளவு சரிக்கட்டலாம், முழுதாக ஒழிக்க கிராங்க் வேகத்தில் எதிர்த்திசையில் சுற்றும் பேலன்சர் ஷாஃப்ட் வேண்டும். 380-க்காக அதைப் போடுவது எனக்குச் சம்மதமில்லை. நல்ல மவுண்ட் போதும். பிஸ்டன் எடையில் குறைக்கும் ஒவ்வொரு கிராமும் இரண்டு கப்பிளையும் சேர்த்தே குறைக்கும், உழைப்பை அங்கே போடுங்கள்.

சத்தமும் இந்த வரிசையிலிருந்துதான் வருகிறது. 1-க்குப் பின் பக்கத்திலேயே 2, அப்புறம் ஒன்றைத் தாண்டி 4, மறுபடி பக்கத்தில் 5, மறுபடி தாண்டி 3. கிராங்க்கின் ஒரு சுற்றுக்கு இரண்டரை வெடி, 6000 ஆர்பிஎம்-ல் விநாடிக்கு 250.

மேனிஃபோல்டும் டர்போவும்

எக்ஸாஸ்ட் வால்வு சுமார் 240 டிகிரி திறந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று சிலிண்டரில் வெடிகளுக்கு நடுவில் சரியாக 240 டிகிரி, ஒருவர் புகையில் இன்னொருவர் குறுக்கிடுவதே இல்லை. நான்கில் 180, ஆகவே 60 டிகிரி மேல்விழும். ஐந்தில் 144, மேல்விழுவது 96 டிகிரி. அதாவது இன்ஜின் ஓடும் நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, இரண்டு சிலிண்டர்கள் ஒரே மேனிஃபோல்டுக்குள் ஒரே சமயத்தில் ஊதிக்கொண்டிருக்கின்றன. டர்பைன் சக்கரத்துக்கு இது நல்லது, இடைவெளி இல்லாமல் தள்ளு கிடைக்கிறது. சிலிண்டருக்குக் கெட்டது, ஒன்று தன் கடைசிப் புகையை வெளியே தள்ள முயலும்போது அடுத்ததன் அழுத்தம் எதிரே வந்து நிற்கிறது, கொஞ்சம் சூடான புகை உள்ளேயே தங்கிவிடுகிறது, அந்தச் சூடு நாக்கிங்கை (கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) இழுத்துவரும்.

ட்வின் ஸ்க்ரோல் (டர்பைனுக்குப் புகை போக இரண்டு தனி வழி) போட்டால் தீராதா என்று கேட்பீர்கள். நான்கில் இரண்டு இரண்டாக அழகாகப் பிரியும். ஐந்தை எப்படிப் பிரித்தாலும் ஒரு பக்கம் இரண்டு, ஒரு பக்கம் மூன்று. 1-உம் 4-உம் ஒரு ஸ்க்ரோல் என்று வைத்தால் மீதி 2, 5, 3. அதில் 5-க்கும் 3-க்கும் நடுவில் அதே 144-தான். இரண்டு ஸ்க்ரோலும் வேறு வேறு அளவில் புகை வாங்கும், டர்போவுக்கு வெளியே வேஸ்ட்கேட்டும் (டர்போ அளவுக்கு மீறிச் சுற்றாமல் புகையில் ஒரு பங்கைத் திருப்பிவிடும் வால்வு) சிக்கலாகும். ஆடி தன் 2.5 லிட்டரில் ஒற்றை ஸ்க்ரோலோடுதான் போனது. நாமும் அப்படியே போவோம், ஆனால் மூன்று விஷயம் பார்த்துக்கொண்டு.

டர்போ ஃபிளாஞ்சை (டர்போ மாட்டும் வாய்) 3-ஆம் போர்ட்டுக்கு (மூன்றாவது சிலிண்டரின் புகைத் துளை) நேரே வையுங்கள். அடுத்தடுத்து வெடிக்கும் பக்கத்துவீட்டுக்காரர்கள் 1-2, அப்புறம் 4-5; இந்த ஜோடிகளின் குழாய்களைப் போர்ட்டை விட்டு வெளியே வந்ததுமே சேர்த்துவிடாதீர்கள், டர்பைன் வாய்வரை முடிந்த அளவு தனித்தனியாகக் கொண்டுபோய் ஒரே திசையைப் பார்த்தபடி சேருங்கள். மூன்றாவது, எக்ஸாஸ்ட் கேமின் திறப்பு நேரத்தைக் குறையுங்கள். 240-ஐ 220 ஆக்கினால் மேல்விழுவது 76 டிகிரி ஆகிறது. உச்ச பலத்தில் கொஞ்சம் போகும், 2000 ஆர்பிஎம்-ல் கிடைக்கும் இழுவை அதைவிடப் பெரிது. ஆடியின் புதிய அலுமினிய 2.5-ல் எக்ஸாஸ்ட் பக்கமே திறப்பு நேரத்தை இரண்டு நிலையில் மாற்றும் அமைப்பு வைத்திருப்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்று, வரைபடத்தில் பலர் விட்டுவிடுவது. கடலூர் முதுநகர் பக்கம் ஒரு லேத் பட்டறையில் பழைய ஐந்து சிலிண்டர் மேனிஃபோல்ட் ஒன்றைப் பார்த்தேன், 2-ஆம் போர்ட்டுக்கும் 3-க்கும் நடுவில் மயிரிழையாகத் தொடங்கிய விரிசல் அடிப்பக்கம் வரை போய் அங்கே கரும்புகை படிந்திருந்தது, கடைசிப் போல்ட் ஓட்டையின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது. பட்டறைக்காரர் அந்தத் தேய்மானத்தில் விரலை வைத்து, "தம்பி, இது சூட்டுல நீளப் பார்க்குது, போல்ட்டு விடமாட்டேங்குது, அப்ப எங்கதான் போகும்?" என்றார். கணக்குப் போட்டால் அதுதான் வருகிறது. முதல் போர்ட்டிலிருந்து ஐந்தாவது வரை 352 மி.மீ. இரும்பு 800 டிகிரி ஏறினால் சுமார் 3.4 மி.மீ. நீளும். அலுமினிய ஹெட் தண்ணீரில் 80 டிகிரி ஏறி 0.65 மி.மீ. மட்டுமே நீளும். நான்கு சிலிண்டரில் 264 மி.மீ.தான், ஓரளவு சமாளித்துவிடும். ஆகவே நடுப்போர்ட் ஓட்டைகளை இறுக்கமாகவும் ஓரத்துக்குப் போகப்போக நீள்வட்டமாகவும் போடுங்கள், ஸ்டட் நீளமாக இருக்கட்டும், அடியில் ஸ்லீவ் வையுங்கள். மேனிஃபோல்டை இரண்டு மூன்று துண்டாக்கி நழுவும் மூட்டு வைப்பது இன்னும் நல்லது. பொருள் சிலிக்கான் மாலிப்டினம் சேர்த்த இரும்பு, சூடு அது தாங்கும் அளவைத் தாண்டும் என்றால் நிக்கல் கூடிய வார்ப்பிரும்பு.

காற்றுக் கணக்கு

இப்போதுதான் குதிரைத்திறன். 6000 ஆர்பிஎம்-ல் 250 பிஎஸ், அதாவது 184 கிலோவாட். இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலில் முழு லோடில் ஒரு கிலோவாட் மணிக்கு 0.33 கிலோ எரிபொருள் என்று எடுத்தால் மணிக்கு 60.7 கிலோ. இ20-க்குச் சரியான கலவை காற்று 13.5-க்கு எரிபொருள் 1. முழு லோடில் குளிர்ச்சிக்காகக் கொஞ்சம் கூட ஊற்றி 12-க்கு 1 வைப்போம். காற்று மணிக்கு 728 கிலோ, விநாடிக்கு 0.202 கிலோ.

6000 ஆர்பிஎம்-ல் இந்த இன்ஜின் விநாடிக்கு 0.1106 கனமீட்டர் விழுங்கும், வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி (சிலிண்டர் உண்மையில் நிரம்பும் பங்கு) 0.92 என்றால் 0.1017. அப்படியென்றால் இன்டேக் மேனிஃபோல்டில் (காற்று உள்ளே போகும் பக்கத்துக் குழாய்) காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 1.99 கிலோ இருக்க வேண்டும். இன்டர்கூலர் தாண்டி 60 டிகிரியில் வருகிறது என்றால் அதற்கான அழுத்தம் 1.90 பார், பூஸ்ட் (வெளிக்காற்றழுத்தத்துக்கு மேல் இருப்பது) 0.89. இன்டர்கூலரிலும் குழாயிலும் 0.10 பார் போகும், ஏர் ஃபில்டரில் 0.03 போகும், ஆகவே கம்ப்ரசரின் அழுத்த விகிதம் 2.03.

வெளியே 38 டிகிரி. கம்ப்ரசர் எஃபிஷியன்சி 72 சதவீதம் என்றால் அது வெளியே விடும் காற்று 135 டிகிரி. அதை 60-க்குக் கொண்டுவர இன்டர்கூலர் 77 சதவீதம் வேலை செய்ய வேண்டும். இதே கணக்கை வெளியே 20 டிகிரி என்று போடுங்கள், இதே பலத்துக்கு 0.77 பார் பூஸ்ட் போதும், மேனிஃபோல்டில் காற்று 40 டிகிரியில் இருக்கும். நம் ஊரில் அதே பலத்தை எடுக்க டர்போ 0.12 பார் கூட உழைக்கிறது, அதுவும் 20 டிகிரி சூடான காற்றோடு. வெளிநாட்டுக் காரின் எண்களை அப்படியே எடுத்து ப்ராஜெக்டில் ஒட்டினால் எங்கே இடிக்கும் என்பது இங்கே தெரியும்.

கடற்கரை ஈரமும் உண்டு. 35 டிகிரியில் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய 4 சதவீதம் வெறும் நீராவிதான், அந்த அளவு ஆக்சிஜன் குறைவு. ஈரம் நாக்கிங்கைக் கொஞ்சம் அடக்கும் என்பது மட்டும் ஆறுதல்.

டர்போ தேர்ந்தெடுக்கும்போது கம்ப்ரசர் மேப்பில் (காற்றோட்டமும் அழுத்த விகிதமும் காட்டும் வரைபடம்) 0.202, 2.03 என்ற புள்ளியை வைத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். 2000 ஆர்பிஎம்-ல் 0.7 பார் பூஸ்ட் எடுக்க நினைத்தால் காற்று விநாடிக்கு 0.061 கிலோ, விகிதம் சுமார் 1.74. இந்தப் புள்ளி சர்ஜ் (கம்ப்ரசரில் காற்று பின்னோக்கித் திரும்பிக் குமுறுவது) கோட்டுக்கு வலது பக்கம், கொஞ்சம் இடம் விட்டு விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் அந்தக் கம்ப்ரசர் உங்களுக்குப் பெரிது. மேல் புள்ளி நன்றாக உட்கார்ந்து கீழ்ப் புள்ளி சர்ஜில் விழுகிற டர்போவை வாங்கி வைத்துவிட்டு, கியர் மாற்றும்போதெல்லாம் ஏன் செருமுகிறது என்று தேடுகிறவர்கள் நிறைய பேர்.

கம்ப்ரஷன், எரிபொருள், சூடு

1980 குவாட்ரோவில் கம்ப்ரஷன் விகிதம் (பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது) 7-க்கு 1-தான். 2009-ன் 2.5-ல் 10. இடையில் வந்தவை நாக் சென்சார், நல்ல கூலிங், நேரே சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் முறை. நாம் போர்ட் இன்ஜெக்ஷன் (சிலிண்டருக்கு வெளியே இன்டேக் வழியில் பீய்ச்சுவது) வைக்கிறோம் என்றால் 9 என்று நிறுத்துவேன். 442-ஐ 8-ஆல் (9-இல் ஒன்று கழித்து) வகுத்தால் மேலே மிஞ்சும் இடம் 55.3 சி.சி. ஹெட்டில் 40, கேஸ்கெட் 1.2 மி.மீ. தடிப்பில் 6.2, மீதி 9 சி.சி. பிஸ்டன் தலையில் குழியாகப் போகட்டும்.

இன்ஜெக்டர் ஒன்றுக்கு மணிக்கு 12.1 கிலோ, நிமிஷத்துக்கு சுமார் 270 சி.சி., 85 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்றால் 320 சி.சி. இன்ஜெக்டர். ஓரிங், ஹோஸ் எல்லாம் எத்தனாலைத் தாங்கும் ரகமா என்று பார்த்து வாங்க வேண்டும்.

எரியும்போது உச்ச அழுத்தம் 90 பார் என்று வைத்தால் ஒவ்வொரு பிஸ்டன் மேலும் நாலரை டன்னுக்கு மேல் விழுகிறது, ஹெட் போல்ட்டுகளைத் தூக்கப் பார்ப்பதும் அதே நாலரை டன்தான். போல்ட் கணக்கு எல்லா டிசைன் புத்தகத்திலும் இருக்கிறது, அதை இங்கே நீட்டவில்லை.

கூலிங்கில் ஐந்துக்கே உரிய தொல்லை ஒன்று. வாட்டர் பம்ப் ஒரு முனையில், ஐந்தாவது சிலிண்டர் மறுமுனையில். தண்ணீர் பக்கத்தில் இருக்கும் ஓட்டைகள் வழியாகவே ஹெட்டுக்கு ஏறித் திரும்பிவிடப் பார்க்கும், கடைசிச் சிலிண்டர் காய்ந்துவிடும். ஹெட் கேஸ்கெட்டில் பம்ப் பக்க ஓட்டைகளைச் சின்னதாகவும் கடைசிப் பக்கம் பெரிதாகவும் போடுவது இதற்காகத்தான். கேஸ்கெட்டைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் அந்த அளவு வித்தியாசம் தெரியும். நாக் சென்சார் ஒன்று போதாது, ஒன்றை 1-2-க்கு நடுவிலும் இன்னொன்றை 4-க்குப் பக்கத்திலும் வையுங்கள்.

டர்போ பேரிங் உறைக்கு எண்ணெயோடு தண்ணீரும் கொடுங்கள், இன்ஜின் நின்ற பிறகும் சில நிமிஷம் ஓடும் சின்ன எலெக்ட்ரிக் பம்ப்போடு. பைபாஸில் விரட்டிக்கொண்டு வந்து சிக்னலில் சாவியைத் திருப்பி அணைத்தால் டர்பைன் பக்கச் சூடு முழுக்க ஷாஃப்ட் வழியாக எண்ணெய்க்குள்தான் இறங்கும்.

கணக்கிலிருந்து ஓட்டத்துக்கு

இன்ஜினை வார்த்துக் கடைந்து ஓட்ட எல்லாராலும் முடியாது, ஆனால் கணக்கைச் சோதிக்கலாம். வலென்சியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான ஓப்பன்வாம் என்ற திறந்த மூல மென்பொருள் இருக்கிறது, குழாய்களுக்குள் அழுத்த அலை எப்படிப் போகிறது என்று ஒற்றைப் பரிமாணத்தில் காட்டும். முதலில் ஐந்து குழாயும் சீக்கிரமே சேரும் மேனிஃபோல்டைக் கொடுங்கள், அப்புறம் நீங்கள் வரைந்ததைக் கொடுங்கள், 2000 ஆர்பிஎம்-ல் ஒவ்வொரு சிலிண்டரிலும் தங்கும் பழைய புகையின் அளவைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஐந்தும் ஒன்றுபோல் இருக்காது. எது மோசமோ அந்த சிலிண்டர்தான் முதலில் நாக் ஆகும், அதன் குழாயை மறுபடி வரையுங்கள்.

ஏதோ ஒரு வழியில் இன்ஜினே கிடைத்து டைனோ (இன்ஜினை ஓட்டிப் பலம் அளக்கும் மேடை) வரை போனீர்கள் என்றால் வரிசை முக்கியம். பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரில் சுற்றி, டர்போவின் எண்ணெய்க் குழாயில் எண்ணெய் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் முதல் வெடி. முதல் ஓட்டங்களில் வேஸ்ட்கேட்டைத் திறந்தபடி கட்டிவையுங்கள், பூஸ்டே வேண்டாம். குறைந்த லோடில் கலவை சரியானதும் வேஸ்ட்கேட்டை விட்டு ஸ்ப்ரிங் கொடுக்கும் அளவு பூஸ்ட், அங்கிருந்து 0.1 பார் 0.1 பாராக ஏற்றம். ஒவ்வொரு படியிலும் டர்பைனுக்கு முன்னால் சூடு 950-ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள், தாண்டினால் பூஸ்டை ஏற்றாதீர்கள், இக்னிஷனையும் கலவையையும் முதலில் சரிபாருங்கள். முழு லோடு, உடனே ஐடில், மறுபடி முழு லோடு என்று மாற்றி மாற்றி ஓட்டுவது மேனிஃபோல்டுக்கான பரீட்சை, இதை ராத்திரி முழுக்க ஓடவிடலாம்.

மேப்பிங்கை (இக்னிஷன், பூஸ்ட் எண்களை நிரப்புவதை) மட்டும் ராத்திரியில் முடிக்காதீர்கள். சாயங்காலம் கடல்காற்று அடிக்கும் நேரத்தில் ஓட்டினால் எல்லாமே நன்றாக இருப்பதுபோல் தெரியும். மத்தியானம் ஷெட் கதவைச் சாத்தி, இன்டேக் காற்று 60-ஐத் தாண்டி 70 வரை ஏற விடுங்கள். ஒவ்வொரு 5 டிகிரிக்கும் நாக் வராமல் இருக்க இக்னிஷனை எவ்வளவு பின்னுக்குத் தள்ள வேண்டியிருக்கிறது, பூஸ்டை எவ்வளவு விட வேண்டியிருக்கிறது என்று சிலிண்டர் வாரியாக எழுதி இசியு (இன்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினி) அட்டவணையில் ஏற்றுங்கள். ஐந்துக்கும் ஒரே எண்ணைப் போட வேண்டாம். நாலாவதும் ஐந்தாவதும் பெரும்பாலும் மற்றவற்றைவிட இக்னிஷனை ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகப் பின்னுக்குத் தள்ளக் கேட்கும், கேட்பதைக் கொடுத்துவிடுங்கள்.